பிரேக் பேடில் 4 மி.மீ. மிச்சம் இருந்தும் மலை இறக்கத்தில் பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

கேள்வி இது. 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஐந்து பேரோடு ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கும்போது பாதி மலையில் கருகல் வாடை. கொஞ்ச நேரத்தில் பெடல் மெத்தென்று உள்ளே போய்விட்டது. இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு மிதித்த பிறகுதான் வண்டி நின்றது. அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்ததும் பழையபடி பிடித்தது. தெரிந்த மெக்கானிக், "பேட் இன்னும் 4 மி.மீ. இருக்கு, ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்கிறார். ஒரு சர்வீஸ் சென்டரிலோ டிஸ்க், பேட், பின்பக்க ஷூ, மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பிரேக் ஆயில் இதுவரை மாற்றியதாக நினைவில்லை. யாரை நம்புவது?

முழுசாக இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். பிரச்சினை நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்தக் கடைசி விஷயத்தில்தான் இருக்கிறது. இத்தனை வருடம் மாற்றாத பிரேக் ஆயில் மலையில் கொதித்திருக்கிறது. அதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு, பெடலை மிதித்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பெடல் ஒரு நெம்புகோல். உங்கள் கால் கொடுக்கும் விசையை அது மூன்று நான்கு மடங்காக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் வட்டமான பெரிய டப்பாதான் பூஸ்டர். என்ஜின் இழுக்கும் வெற்றிடத்தைக் கொண்டு அந்த விசையை அது இன்னும் பல மடங்காக்கி, பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அங்கிருந்து மெல்லிய குழாய்களில் ஆயில் வழியாக அழுத்தம் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. முன்னால் காலிப்பர் என்ற கவ்விக்குள் இருக்கும் பிஸ்டன் அந்த அழுத்தத்தில் பேடைத் தள்ளி, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டை இறுக்கிப் பிடிக்கும். பின்னால் ஷூ என்ற வளைந்த கட்டைகள் சுற்றும் டிரம்மின் உள்பக்கத்தை அழுத்தும். அழுத்திப் பிரேக் போடும்போது அந்தக் குழாயில் 60, 70 பார் அழுத்தம் சாதாரணமாக வரும். உங்கள் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இவ்வளவு அழுத்தத்தையும் ஆயில் அப்படியே கடத்துவதற்கு ஒரே காரணம், திரவம் அமுங்காது என்பது. அதில் ஒரு சின்ன காற்றுக்குமிழியோ நீராவிக்குமிழியோ இருந்தால் போதும். நீங்கள் மிதிக்கும் தூரமெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். பேட் வரைக்கும் எதுவும் போய்ச் சேராது.

பெடல் மெத்தென்று உள்ளே போனதற்கு அர்த்தம் இதுதான். விட்டு விட்டு மிதித்தபோது மாஸ்டர் சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் ஆயிலைத் தள்ளியது, அதனால் கொஞ்சம் பிடித்தது. அடிவாரத்தில் ஆறியதும் நீராவி மறுபடி திரவமாகிவிட்டது, பெடலும் சரியாகிவிட்டது. மறுநாள் சமவெளியில் வண்டியை ஓட்டிப் பார்க்கிற மெக்கானிக்குக் குறை எதுவும் தெரியாமல் போவது இயல்பு.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு கோளாறு உண்டு. பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருக்கும், முழு பலத்தோடு மிதிப்பீர்கள், ஆனால் வண்டி நிற்காது. அது பேட் சூடேறி உராய்வை இழந்த நிலை. பேட் என்பது இரும்புத் தகட்டின் மேல் இழைகள், உலோகத் தூள், அரைப்புப் பொருட்கள் எல்லாவற்றையும் ஃபீனாலிக் பிசினில் கலந்து அழுத்தி வேகவைத்த ஒரு கட்டி. சாதாரண காரில் வரும் பேட் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகப் போக அந்தப் பிசின் சிதையத் தொடங்கும். அதில் இருந்து கிளம்பும் வாயு டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவில் புகுந்து பிடிமானத்தைக் குறைக்கும். உங்களுக்கு வந்த கருகல் வாடை அந்தப் பிசின்தான். ஆக உங்கள் வண்டியில் பேடும் வெந்திருக்கிறது, ஆனால் உங்களைக் கைவிட்டது ஆயில். மெத்தென்ற பெடல் என்றால் ஆயில் பக்கம் பாருங்கள், கெட்டியான பெடல் என்றால் பேட் பக்கமோ பூஸ்டர் பக்கமோ பாருங்கள். இந்த வித்தியாசத்தை மெக்கானிக்கிடம் தெளிவாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. "பிரேக் பிடிக்கலைங்க" என்று மட்டும் சொன்னால் அவர் பேடைத்தான் கழற்றிப் பார்ப்பார்.

சரி, ஆயில் ஏன் கொதித்தது? பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர, அது கிளைக்கால் என்ற வேதிப்பொருள் சார்ந்த ஒரு திரவம், பெட்ரோலிய எண்ணெய் இல்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம். ஆயில் டேங்கின் மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் டேங்கின் காற்றுத் துளை வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205-ல் இருந்து 140-க்கு. நூற்றுக்கு நாலு பங்கு கூட இல்லாத தண்ணீர் 75 டிகிரியைத் தின்றுவிடுகிறது! இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லிப் பெரும்பாலான கார் கம்பெனிகள் கையேட்டில் அச்சடித்திருப்பது இதற்காகத்தான். கையேடு கையுறைப் பெட்டியில் பிரிக்காமல் கிடக்கிறது என்பது வேறு விஷயம்.

இனி அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். ஆட்களும் சாமான்களுமாக உங்கள் வண்டி 1,300 கிலோ என்று வைத்துக்கொண்டால், கீழே வந்து சேர்வதற்குள் அது இழக்க வேண்டிய ஆற்றல் 15 மெகாஜூலுக்கு மேல். 100 கி.மீ. வேகத்தில் போகும் அதே வண்டியைச் சடாரென்று நிறுத்த ஆகும் ஆற்றல் அரை மெகாஜூல். அதாவது ஏற்காடு இறக்கம் என்பது நூறில் இருந்து பூஜ்ஜியத்துக்கு 30 தடவை நிறுத்துவதற்குச் சமம். 50 லிட்டர் தண்ணீரை அறைச் சூட்டில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் ஆற்றல் அது. டயரும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எடுக்க இரண்டே பேர்தான் இருக்கிறார்கள்: என்ஜினும் பிரேக்கும். நீங்கள் எந்த கியரில் இறங்கினீர்கள் என்று சொல்லவில்லை. நான்கிலோ நியூட்ரலிலோ இறங்கியிருந்தால் பாரத்தின் பெரும்பகுதி முன்பக்கம் இருக்கும் இரண்டு டிஸ்க் மேல் விழுந்திருக்கும்.

முன்பக்கம் என்று சொல்லக் காரணம், பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்னால் சாய்ந்துவிடும். சமவெளியிலேயே நிறுத்தும் வேலையில் 60, 70 சதவீதத்தை முன் சக்கரங்கள்தான் செய்கின்றன. இறக்கத்தில் இன்னும் கூடும். சிறிய கார்களில் பின்னால் டிரம் வைத்து விற்பதற்கும் இதுதான் காரணம், வெறும் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. ஆனால் டிரம்முக்கும் சூட்டில் ஒரு பலவீனம் உண்டு. சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும், பெடல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். டிஸ்க்கில் அந்தத் தொல்லை கிடையாது. அது விரிந்தால் பேடை நோக்கித்தான் விரியும்.

இப்போது உங்கள் மெக்கானிக் சொன்ன 4 மி.மீ. கணக்குக்கு வருகிறேன். புதுப் பேடில் உராயும் பகுதி 10 மி.மீ. அளவுக்கு இருக்கும். 3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்ல பழக்கம், 2-க்குக் கீழே ஓட்டவே கூடாது. அந்தக் கணக்கில் அவர் சொன்னது சரி. ஊருக்குள்ளேயே ஓட்டுகிற வண்டி என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் பேடுக்கு இன்னொரு வேலை இருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கொதிக்கும் டிஸ்க்குக்கும் ஆயில் நிற்கும் பிஸ்டனுக்கும் நடுவில் சூட்டைத் தடுக்கும் சுவர் அது ஒன்றுதான். சுவர் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டால் சூடு இன்னும் சீக்கிரமாக ஆயிலுக்குப் போகும். பழைய ஆயிலும் மெலிந்த பேடும் ஒன்றுசேர்ந்தால் அதுதான் மோசமான கூட்டணி. போதாததற்கு உங்கள் பேட் ஒரு தடவை நன்றாக வெந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் முகம் கண்ணாடி போல் பளபளத்தாலோ ஓரத்தில் வெடிப்போ உதிர்வோ தெரிந்தாலோ, மிச்சம் எத்தனை மி.மீ. என்று பார்க்காமல் முன்பக்கப் பேட் செட்டை மாற்றிவிடுங்கள். எமரி பேப்பரில் உரசிப் போடுவார்கள். லேசான பளபளப்புக்கு அது போதும், ஆழமாக வெந்த பேடுக்குப் பலன் தராது.

டிஸ்க்கை மாற்றச் சொல்கிறார்களே என்றால், அளந்து காட்டச் சொல்லுங்கள். டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மி.மீ. என்று பொறித்திருக்கும். புது டிஸ்க்குக்கும் அந்தக் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளி பொதுவாக 2 மி.மீ. அளவுதான். அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும். வெர்னியரை வைத்தால் தேயாமல் நிற்கும் ஓர விளிம்பின் மேல் உட்கார்ந்து தப்பாகக் காட்டும். உரிய தடிமன் இருந்து, வெடிப்பு இல்லாமல், பிரேக் போடும்போது ஸ்டீயரிங் நடுங்காமல் இருந்தால் டிஸ்க்கை விட்டுவிடுங்கள். நீலம் பாய்ந்த திட்டுகள் தெரிந்தால் அதீதச் சூடு கண்டிருக்கிறது என்று அர்த்தம், வெடிப்பு இருக்கிறதா என்று கூடுதல் கவனத்தோடு பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டீயரிங் நடுங்கினால் "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு" என்பது எல்லா வொர்க்‌ஷாப்பிலும் கேட்கும் வசனம். பெரும்பாலும் எதுவும் வளைந்திருக்காது. டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூடக் குறைய இருந்தாலே நடுக்கம் தெரியும். சூடான டிஸ்க்கை ஒரே இடத்தில் பேட் கவ்விப் பிடித்தபடி நின்றால் பேடின் பொருள் அந்த இடத்தில் ஒட்டித் திட்டாகி இதை உண்டாக்கும். அதனால் மலையில் இருந்து இறங்கி நிறுத்தியதும் பெடலில் காலை அழுத்தியபடியே உட்கார்ந்திருக்காதீர்கள். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டதா என்று நீங்களே பார்க்கலாம். என்ஜினை ஓடவிட்டு, பெடலை நிதானமாக ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். பெடல் நின்ற இடத்திலேயே நின்றால் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. வெளியே எங்கும் ஆயில் கசியாமல் இருந்தும் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் உள்ளே சீல் தேய்ந்திருக்கிறது, அப்போது மாற்றலாம். பூஸ்டருக்கும் ஒரு சோதனை இருக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து தடவை மிதித்தால் பெடல் கெட்டியாகிவிடும். அதை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரோ அதன் வெற்றிடக் குழாயோ சரியில்லை. இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் இதுதான். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அப்புறம் உங்கள் கால் பலம் மட்டுமே.

பின்பக்கம் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் கசிவு. ஷூ லைனரில் ஆயில் படாமல், போதிய தடிமன் இருந்தால் அட்ஜஸ்ட் செய்துவிட்டு அப்படியே மூடலாம். உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, இப்போதைய தூளும் நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். முன்பக்கக் காலிப்பர் நகர்வதற்கு உதவும் கைட் பின் இரண்டும் கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள். ஒரே சக்கரத்தில் ஒரு பேட் 4 மி.மீ., எதிர்ப்பக்கப் பேட் 2 மி.மீ. என்று இருந்தால் கைட் பின் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம், அந்தச் சக்கரம் எப்போதும் உரசிக்கொண்டே சூடாகிக்கொண்டு இருக்கும்.

ஆயில் மாற்றும் வேலையைத்தான் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். பல இடங்களில் மேலே இருக்கும் டேங்கில் இருந்து பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றி, "மாத்தியாச்சு" என்று அனுப்பிவிடுவார்கள். கொதிக்கும் இடம் காலிப்பர். அங்கே நிற்பது அதே பழைய ஆயில்தான். நான்கு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைத் திறந்து, கறுத்த ஆயில் போய்த் தெளிந்த நிறத்தில் புதியது வரும் வரை வெளியேற்ற வேண்டும். இதற்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆகும். நடுவில் டேங்க் காலியாக விட்டால் காற்று புகுந்துவிடும். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அப்படி நடந்தால் பல சமயம் ஸ்கேனர் வைத்துத்தான் முழுசாக எடுக்க முடியும். மூடியில் எந்த வகை என்று அச்சிட்டிருக்கிறதோ அதையே, சீல் பிரிக்காத பாட்டிலில் வாங்குங்கள். பாதி திறந்து அலமாரியில் கிடந்த பாட்டில் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும், இல்லையென்றால் பெயிண்ட் உரிந்துவிடும். டாட் 5 என்பது சிலிக்கோன், நம் வண்டிகளுக்கு ஆகாது. டாட் 5.1 வேறு, அது கிளைக்கால் வகைதான்.

இன்னொரு விஷயம். பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும், அந்த இடத்தை நிரப்ப டேங்கில் ஆயில் மட்டம் இறங்கும். மட்டம் குறைந்ததும் சர்வீஸில் ஊற்றி நிரப்பிவிட்டால், பேட் தேய்ந்திருக்கிறது என்று வண்டி காட்டிய அடையாளம் மறைந்துபோகும். குறைந்தால் முதலில் பேடைப் பாருங்கள், பிறகு கசிவைப் பாருங்கள். இரண்டும் இல்லாமல் குறையாது.

உதிரிபாகத்துக்கு வெளிநாட்டுப் பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த நாட்டின் பிரேக் தொழிலில் ஒரு முக்கியமான பங்கு சென்னையில்தான் இருக்கிறது. பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூரில் ரானே குழுமம் எல்லாம் பல தலைமுறையாக இதையே செய்கிறவர்கள். பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள், அவ்வளவுதான். பேடில் போலிகள் நிறைய, அவை சமவெளியில் நன்றாகவே பிடிக்கும், சூடு ஏறிய பிறகுதான் சாயம் வெளுக்கும். பிரேக் லைனிங் என்ற யோசனையே ஓர் இறக்கத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். 1888-ல் பெர்த்தா பென்ஸ் தன் கணவர் கார்ல் பென்ஸ் செய்த வண்டியை ஜெர்மனியின் மான்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிப் போனபோது, இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் அதன் மேல் தோல் அடிக்கச் சொல்லிப் பயணத்தைத் தொடர்ந்தார்.

அடுத்த தடவை இறங்கும் முறை. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள், ஏற்காடு பாதையில் பெரும்பாலும் இரண்டு, வளைவுகளில் சில சமயம் ஒன்று. என்ஜின் கொஞ்சம் சத்தம் போடும், போடட்டும். பெட்ரோல் வீணாகும் என்று பயப்பட வேண்டாம். இன்றைய ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் பெட்ரோலை முழுக்க நிறுத்திவிடும். நியூட்ரலில் உருட்டினால்தான் என்ஜினை அணையாமல் வைத்திருக்கப் பெட்ரோல் செலவாகும். தானாக கியர் மாற்றும் ஏஎம்டி வண்டி என்றால் மேனுவல் மோடில் போட்டுக்கொள்ளுங்கள், சிவிடி வகை ஆட்டோமேட்டிக்கில் எல் (லோ) இருந்தால் அதில். மின்சாரக் கார்க்காரர்கள் மேலே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். வேகத்தைக் குறைக்கும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்புவது ரீஜென் பிரேக். நிறைந்த பேட்டரியில் அந்த ஆற்றலுக்கு இடம் இருக்காது.

பிரேக்கை லேசாகத் தொட்டபடியே இறங்குவதா, அழுத்திப் போட்டு விடுவதா என்பது பழைய சண்டை. அழுத்திப் போட்டு, வேகம் குறைந்ததும் முழுசாக விடுவதே மேல் என்பது என் கட்சி. ஆனால் அதனால் சூடு மாயமாக மறைந்துவிடாது. மலையின் உயரம் மாறாதவரை பிரேக்கும் என்ஜினும் பங்குபோட வேண்டிய ஆற்றலும் பெரிதாக மாறாது. குறைந்த கியரும் மெதுவான வேகமும் மட்டும்தான் பிரேக்கின் பங்கைக் குறைக்கும். விட்டு விட்டு மிதிப்பதில் கிடைக்கும் உண்மையான லாபம், பெடல் வழக்கத்தை விடக் கீழே போகிறதா என்று ஒவ்வொரு தடவையும் உங்கள் காலுக்குத் தெரிவதுதான். தெரிந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். நிறுத்தியதும் காற்றோட்டம் நின்றுவிடுவதால் டிஸ்க்கின் சூடு காலிப்பருக்குப் பரவி, முதல் சில நிமிடம் ஆயிலின் சூடு இன்னும் ஏறும். ஒரு டீ குடித்துவிட்டு ஐந்தாம் நிமிடம் கிளம்பினால் பெடல் முன்னைவிட மோசமாக இருக்கலாம். அரை மணி நேரமாவது விடுங்கள், கிளம்பும் முன் பெடலை மிதித்துப் பாருங்கள்.

ஆக எஸ்டிமேட்டில் ஆயில் மாற்றம் கட்டாயம், முன்பக்கப் பேட் அநேகமாகத் தேவை, டிஸ்க் அளந்த பிறகு, பின் ஷூ பார்த்த பிறகு, மாஸ்டர் சிலிண்டர் அந்த அரை நிமிடச் சோதனையில் தோற்றால் மட்டும். ஆயிலுக்குச் சில நூறு ரூபாய் போதும். புதுப் பேட் போட்டால் முதல் 300 கி.மீ.க்குத் திடீர் பிரேக்குகளைத் தவிர்த்து, மிதமாகப் போட்டுப் போட்டு டிஸ்க்கோடு பொருந்த விடுங்கள். அது முடிவதற்குள் ஏற்காடு வேண்டாம்.